முனியாண்டிக்கு மூன்றரை அங்குலம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து விபத்துப் பதிவேட்டில் காலணியால் நேர்ந்த விபத்து என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 'காயம்பட்டவர்' என்ற கட்டத்தில் என் பெயர். 'அறிக்கை எழுதியவர்' என்ற கட்டத்திலும் என் பெயர். 'இனி இப்படி நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்' என்ற கட்டம் வந்தபோது பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். வேறு வழியில்லை. அதிலும் என் பெயரையே எழுதினேன். ஏனென்றால் அந்தத் தோட்டத்தின் பாதுகாப்பு அதிகாரி நான்.

(தகுதிகாண் காலத்தில் இருந்த பாதுகாப்பு அதிகாரி. அந்த வித்தியாசம் முக்கியம்.)

ஈப்போவில் தொழிலிடப் பாதுகாப்பில் டிப்ளோமா முடித்த கையோடு, நான் பிறந்து வளர்ந்த அதே கேமரன் மலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அப்பா அங்கே கொழுந்து லோரி ஓட்டுகிறார். அம்மா சரோஜா, சரிவுகளில் கத்திரி பிடித்துத் தேயிலை வெட்டும் பன்னிரண்டு பெண்களில் ஒருவர். எனக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம். ஆறாவது மாதக் கடைசியில் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து என் வேலையைப் பார்ப்பார். திருப்தி என்றால் நிரந்தரம். இல்லை என்றால் படிக்கும்போது விடுமுறைக்கு விடுமுறை நின்ற கியா பார்ம் ஸ்ட்ராபெரிக் கடைக்கே திரும்பிப்போய், 'வாங்கம்மா, ரெண்டு டப்பா வாங்கினா ஒரு டப்பா இலவசம்' என்று கத்த வேண்டியதுதான்.

எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் பணி: தேயிலை வெட்டும் பெண்களை ரப்பர் பூட்ஸ் போடவைப்பது. அதுவரை அவர்கள் எல்லாரும் சாதாரண ரப்பர் சிலிப்பரில்தான் மலை ஏறினார்கள். கத்திரி நழுவினால் கால், பாம்பு என்றால் கால், அட்டை என்றால் சந்தேகமே இல்லாமல் கால். நான் பன்னிரண்டு ஜோடி பூட்ஸ் வரவழைத்தேன். ஒரு அட்டவணை தயாரித்தேன். வாரத்துக்கு மூன்று முறை என் மோட்டர் சைக்கிளில் வெட்டுக் காட்டுக்குப் போவேன். பன்னிரண்டு பேரும் பூட்ஸோடு நிற்பார்கள். பன்னிரண்டு டிக். ஐந்து மாதமாக அந்த அட்டவணையில் ஒரு காலிக் கட்டம்கூடக் கிடையாது. அதைத் தூங்கப்போகும்முன் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் எனக்கு இருந்தது. (வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிட்டேன்.)

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, ஒன்றைத் தவிர. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் நான் பேச எழுந்தால் யாரும் காதில் வாங்கவில்லை. பின் வரிசையில் அம்மாவின் கூட்டாளி பாக்கியம் அக்கா இருப்பார். முப்பத்தைந்து வயது, வாய்க்கு மட்டும் தனியாக ஒரு லைசென்ஸ் எடுக்க வேண்டும். நான் ஆரம்பித்தவுடன் எட்டி எட்டிப் பார்ப்பார்.

"ஏன்லா, யாரோ பேசுற மாதிரி இருக்கு. ஆளத்தான் காணோம்."

"முன்னாடிதான் நிக்குது அக்கா," என்பார் பக்கத்தில் நிற்பவர்.

"அதுவா? நான் ரேடியோன்னு நெனச்சேன்."

நான் குள்ளம். மேசைமேல் ஏறி நின்று பேசலாம். ஆனால் மேசைமேல் ஏறக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியவளே நான்தான். என் பேச்சு எடுபடாததற்கான காரணங்களைப் பட்டியலிட்டேன். ஒன்று, வயது இருபத்து மூன்று. இரண்டு, அங்கே நிற்கும் பாதிப் பேர் என்னைக் குளிப்பாட்டி விட்டிருக்கிறார்கள். மூன்று, உயரம். முதல் இரண்டுக்கும் மருந்தில்லை. மூன்றாவதை மட்டும் கடையில் விற்கிறார்கள்.

ஈப்போவில் ஒரு பேரங்காடி. கறுப்பு, கூர்மூக்கு, குதி மூன்றரை அங்குலம். போட்டுக்கொண்டு எழுந்து நின்றபோது கடையின் மேல்தட்டில் என்ன இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன். தூசிதான் இருந்தது. இருந்தாலும் அது ஒரு தனி அனுபவம்.

குதி உயர்ந்த காலணி பாதத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். டிப்ளோமாவில் அதற்கென்றே ஒரு பாடம். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. ஆனால் படித்ததெல்லாம் மற்றவர்களின் பாதத்தைப் பற்றி என்றுதான் எனக்குள் ஒரு எண்ணம். தவிர, என் திட்டம் கச்சிதமானது. மேலதிகாரி வருகிற நாளில் முதலில் அலுவலக அறையில் என் படக்காட்சி. அப்போது உயரமாக நிற்பேன். பிறகு அவர்கள் தேநீர் குடிக்கும் நேரத்தில் அலமாரியிலிருக்கும் என் பாதுகாப்பு பூட்ஸை மாட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்புவேன். காலணி மொத்தம் உழைக்க வேண்டியது நாற்பது நிமிடம். நாற்பது நிமிடத்தில் ஒரு பாதத்துக்கு என்ன ஆகிவிடும்?

மூன்று சாயங்காலம் அறையைச் சாத்திக்கொண்டு நடந்து பழகினேன். வெளியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"உள்ள என்ன ஆணி அடிக்கிறியா?"

"எக்சர்சைஸ் மா."

"செவுத்துக்கா?"

அந்த நாள் வந்தது. காலணி வெளியே தெரியாதபடி தரையைத் தொடும் நீளத்தில் கால்சட்டை. அந்தக் காலணியோடு மோட்டரில் கியர் போட முடியாது என்பதால், அம்மா வேலைக்குப் போன பிறகு அப்பாவின் லோரியில் ஏறி அலுவலகம் போனேன். மேனேஜர் என்னைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ஷாமினி, இன்னைக்கு என்னமோ வித்தியாசமா இருக்கீங்க. முடி வெட்டினீங்களா?"

"ஆமா சார்."

கோலாலம்பூரிலிருந்து வந்தவர் கோமதி மேடம். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கண்ணாடி, கையில் சின்ன நோட்டு, காலில் ஓடுவதற்குப் போடும் சப்பாத்து. வண்டியிலிருந்து இறங்கியவர் அலுவலகத்தைப் பார்க்கவில்லை, வானத்தைத்தான் பார்த்தார்.

"மழை வரும் போல இருக்கே. ஸ்லைடெல்லாம் அப்புறம் பாக்கலாம். மொதல்ல பீல்டுக்குப் போயிட்டு வந்துடலாமா?"

"போலாம் மேடம்," என்றார் மேனேஜர். "ஷாமினி?"

என் பூட்ஸ் பத்தடி தூரத்தில் அலமாரியில் இருந்தது. 'ஒரு நிமிஷம், மாத்திட்டு வந்துடுறேன்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் நான் வேறு மாதிரி கணக்குப் போட்டேன். அலமாரிக்குப் போகும்போது ஒரு உயரம், திரும்பி வரும்போது இன்னொரு உயரம். இவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆக, வேலையிடத்தில் பொருத்தமான காலணி அணிவதன் அவசியத்தை விளக்கப்போகிற நான், மூன்றரை அங்குலக் குதியோடு தேயிலைக் காட்டுக்குக் கிளம்பினேன்.

"போலாம் சார்."

முந்திய நாள் மழையில் மண் சரிந்திருந்ததால் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அங்கிருந்து வெட்டு நடக்கும் சரிவுக்கு இறக்கத்தில் நடக்க வேண்டும். நான் முன்னால் நடந்து வழிகாட்டினேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உடம்பின் மொத்தப் பாரமும் வழுக்கிக்கொண்டு கால்விரல்களுக்குக் குடியேறுவது தெரிந்தது. கூர்மூக்குக்குள் ஐந்து விரலும் பண்டிகைக் காலத்து பஸ்ஸில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கெண்டைக்கால் சதை யாரோ முறுக்கிப் பிழிந்த துணிபோல இறுகியது. இவ்வளவு வலியிலும் எனக்கு ஒரு கேள்வி முளைத்தது (படித்த படிப்பு சும்மா விடாது): அறையில் நடந்தபோது இவ்வளவு வலிக்கவில்லையே, ஏன்? பத்தடி நடந்ததும் விடை கிடைத்தது. சமதரையில் காலணி மட்டும்தான் குதியைத் தூக்கும். இறக்கத்தில் மலையும் சேர்ந்து தூக்குகிறது. மூன்றரை அங்குலத்துக்கு நான் கடையில் காசு கொடுத்தேன்; மிச்ச அங்குலங்களைக் கேமரன் மலை இலவசமாகச் சேர்த்துவிட்டது.

ஈரமண்ணில் குதி ஒவ்வொரு அடிக்கும் புதைந்து 'ப்ளக்' என்று வெளியே வந்தது. திரும்பிப் பார்த்தேன். பாதை நெடுக, யாரோ விதை ஊன்றக் குழி போட்டுக்கொண்டே வந்த மாதிரி இருந்தது. ஓரிடத்தில் கணுக்கால் வெளிப்பக்கமாக மடங்கியது. நல்லவேளை, ஒரு தேயிலைச் செடி கைக்கு அகப்பட்டது. தேயிலை நல்ல செடி. எவ்வளவு இழுத்தாலும் வேரோடு வராது.

"என்னாச்சு?" என்றார் கோமதி மேடம்.

"கொழுந்து பாக்குறேன் மேடம்."

வளைவுக்கு முன்னால் எங்கள் முனியாண்டி சாமி இருக்கிறார். சின்னத் தகரக் கூரை, ஒரு கல், ஒரு சூலம். அந்தப் பக்கத்துக் காட்டில் கால்வைக்கும் எவரும் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போடாமல் தாண்ட மாட்டார்கள். புது ஆளாக இருந்தாலும், மேனேஜராக இருந்தாலும், வங்காளதேசத்திலிருந்து வந்து வெட்டு மிஷின் பிடிக்கும் அண்ணன்களாக இருந்தாலும் அதே வழக்கம்தான். மேனேஜர் கழற்றினார். கோமதி மேடம் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். நானும் அவர்களுக்குப் பின்னால் நின்று கழற்றினேன். அப்பாடா! அந்த ஒரு நொடியில் சாமியிடம் கேட்க எனக்கு வேறு வரமே தேவையிருக்கவில்லை.

கும்பிட்டு முடித்துக் கோமதி மேடம் திரும்பினார். முகம் இருக்க வேண்டிய உயரத்தில் காற்றுதான் இருந்தது.

"ஷாமினி எங்க?"

"இங்கதான் இருக்கேன் மேடம்."

மேனேஜர் மெதுவாகப் பார்வையை இறக்கினார். என் கால்சட்டை இரண்டு பக்கமும் குட்டை மாதிரி தரையில் பரவிக் கிடந்தது. அவர் என் தலைமுடியை மறுபடி ஒருமுறை பார்த்தார். பாவம், குழம்பிவிட்டார்.

நான் அவசரமாகக் காலணிக்குள் காலை விட்டேன். போகவில்லை. இன்னொரு காலை விட்டேன். அதுவும் போகவில்லை. அத்தனை நேரம் நெரிபட்டுக் கிடந்த பாதம், விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் வீங்கியிருந்தது. ஊறவைத்த கொண்டைக்கடலையை அது முதலில் இருந்த டப்பாவிலேயே திரும்ப அடைக்கப் பார்த்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

என்முன் மூன்று வழிகள் இருந்தன. வலி பொறுத்து விரலை மடக்கித் திணிப்பது. திணித்துப் பார்த்தேன், கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். சாமிக்கு நேர்த்திக்கடன், இன்று முழுக்க வெறுங்கால் என்று சொல்வது. சாமி முன்னாலேயே பொய் சொல்லத் தைரியமில்லை. மூன்றாவது, உண்மையைச் சொல்வது. அதை நான் வழிகளில் ஒன்றாகவே எண்ணவில்லை.

இதற்குள் தூறல் விழ ஆரம்பித்தது. கோமதி மேடம் தன் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வளைவை நோக்கி நடந்துவிட்டார். நான் கால்சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலணியை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு பின்னால் ஓடினேன்.

வளைவைத் தாண்டியதும் சரிவு முழுக்கப் பெண்கள். கத்திரிகள் சரக் சரக் என்று ஓடிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேர் காலிலும் சிலிப்பர். பூட்ஸ்கள்? சரிவின் அடியில், சாப்பாட்டுப் பைகளுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பளபளவென்று. அடிப்பாகத்தில் கடை ஒட்டிய சீட்டுகூட உரியவில்லை.

பாக்கியம் அக்காதான் முதலில் எங்களைக் கண்டார். "ஐயோ, மேடம் வந்துருச்சு! சரோசா அக்கா, பூட்ஸு, பூட்ஸு! மோட்டர் சத்தமே கேக்கலயேலா!"

சரிவில் பன்னிரண்டு பேரும் பூட்ஸை நோக்கி உருண்டோடி வந்தார்கள். அம்மா பாதி வழியில் என்னைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

"ஏன்டி, காலுல ஒண்ணும் இல்லாம வந்துருக்க?"

"மா, நான் டூட்டில இருக்கேன்."

"டூட்டிக்குச் செருப்பு வேணாமா?"

கோமதி மேடம் தன் நோட்டைத் திறந்தார். அதற்குள் என் அட்டவணையின் நகல் இருந்தது. பன்னிரண்டு வரி, ஐந்து மாதம், எல்லாம் டிக். அதைப் பார்த்தார், வரிசையில் நின்ற பூட்ஸைப் பார்த்தார், அப்புறம் என் பாதத்தைப் பார்த்தார்.

அம்மா முந்திக்கொண்டார். "இப்பதான் கழட்டுனோம் மேடம். டீ டைம். காலையிலருந்து போட்டுக்கிட்டுதான் வெட்டுனோம்."

"சீட்டு உரியலயேம்மா," என்றார் கோமதி மேடம், கோபமில்லாமல்.

"அது... கெட்டியான பசை மேடம்."

அம்மா யாரிடமும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவ்வளவு மோசமாகச் சொன்னார். பாக்கியம் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. தன் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து என்முன் 'தொப்'பென்று போட்டார்.

"இந்தா. எப்படியும் வெறுங்காலோட நிக்கிற. போட்டுக்க. போட்டுட்டு அந்தா அந்தக் கல்லு வரைக்கும் ஏறி, எறங்கி வா. வந்து சொல்லு, நாங்க ஏன் போடலன்னு."

"பாக்கியம், சும்மா இரு," என்றார் அம்மா.

"நீ சும்மா இரு அக்கா. அஞ்சு மாசமா எங்கள சும்மா இருக்கச் சொன்னதே நீதான்."

நான் போட்டுக்கொண்டேன். ஏறினேன். ஏறும்போது ஒன்றும் தொந்தரவில்லை. கல்லைத் தொட்டுத் திரும்பி இறங்க ஆரம்பித்தேன். நாலாவது அடியில் குதி பூட்ஸுக்குள் தொளதொளவென்று எழும்பியது. பாதம் முன்னால் வழுக்கியது. விரல்கள் போய் முனையில் இடித்தன. அதே விரல்கள். காலையிலிருந்து என் காலணிக்குள் நெரிந்துகொண்டிருந்த அதே பெருவிரலும் அதே சுண்டுவிரலும்.

மழையில், சரிவின் நடுவில், அப்படியே நின்றுவிட்டேன். வலியால் இல்லை, ஆச்சரியத்தால். இதில் குதியே கிடையாது. தட்டையான பூட்ஸ். அப்படியானால் இது ஏன் அதே வேலையைச் செய்கிறது? ஒரு அடி ஏறினேன், ஒரு அடி இறங்கினேன். மறுபடி ஏறினேன், இறங்கினேன்.

"என்னடி பண்ணுது?" என்று கீழே யாரோ கேட்டார்கள்.

"பூட்ஸுக்குள்ள எறும்பு போயிருச்சோ என்னமோ."

விடை நான் வாங்கிய விதத்தில் இருந்தது. பூட்ஸ் வரவழைக்கும் முன் ஒரு நாள் பெரட்டில் எல்லாரிடமும் செருப்பு நம்பர் கேட்டேன். ஆளுக்கொரு நம்பர் சொன்னார்கள். நான் என்ன செய்தேன்? கூட்டி, பன்னிரண்டால் வகுத்தேன். ஏழு வந்தது. பன்னிரண்டு ஜோடியும் ஏழாம் நம்பர், அதுவும் ஆண்களுக்கு அச்செடுத்த அகலத்தில். பன்னிரண்டு பெண்களின் சராசரிப் பாதத்துக்கு நான் பூட்ஸ் வாங்கியிருந்தேன். அந்தச் சராசரிப் பாதம் பன்னிரண்டு பேரில் யாரிடமும் இல்லை. நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிறவர்களுக்கு மலையே குதி உயர்ந்த காலணி. அதன்மேல் பிடிப்பில்லாத பூட்ஸையும் மாட்டி, நான் அவர்கள் விரல்களை முனையில் மோதவிட்டிருந்தேன்.

கீழே வந்தேன். "ஏன் அக்கா யாருமே சொல்லல?"

"சொன்னா தப்பா வாங்கிட்டன்னு உனக்கு வேல போயிரும், நிரந்தரம் ஆவுற வரைக்கும் யாரும் வாயத் தொறக்காதீங்கன்னு உங்கம்மாதான். உன் மோட்டர் சத்தம் கேட்டா போடு, போயிட்டா கழட்டு. அதான் ஏற்பாடு."

அம்மா தன் கத்திரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இப்போது யோசித்தாலும் வியப்பாக இருக்கிறது: அந்த நிமிடத்தில்கூட எனக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. 'இன்னைக்கு ஒரு நாள்தான் மேடம் இப்படி' என்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு பேரும் ஆமாம் போட்டிருப்பார்கள். ஆனால் விரல்கள் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தன. அந்த வலியோடு அந்த அட்டவணையைப் பாதுகாக்க எனக்கு மனம் வரவில்லை.

"மேடம், டிக்கெல்லாம் நான் போட்டதுதான். பாத்துதான் போட்டேன். ஆனா அது உண்மையில்ல. அஞ்சு மாசமா நான் அளந்தது பூட்ஸ இல்ல, என் மோட்டர் சத்தத்த."

கோமதி மேடம் நோட்டை மூடினார். "இதோட இன்னைக்கு நான் கையெழுத்து போட முடியாது ஷாமினி."

"தெரியும் மேடம்."

"மேடம், அது சின்னப் புள்ள..." என்று ஆரம்பித்தார் அம்மா.

"அம்மா."

"மூணு மாசம் தள்ளி வைக்கிறேன்," என்றார் மேடம். "இவங்க காலுக்குச் சரியான பூட்ஸ் வரட்டும். மறுபடி வந்து பாக்குறேன். வர்றத முன்கூட்டிச் சொல்ல மாட்டேன்." நாலடி போனவர் திரும்பினார். "அப்புறம், உங்க அந்த ஹீல்ஸ். நீங்க ஆபீஸ் படியில எறங்கும்போதே பாத்துட்டேன். எதுவரைக்கும் போறீங்கன்னு பாக்கலாம்னுதான் பேசாம வந்தேன்."

சாயங்காலம் தோட்டத்து மருத்துவ நிலையத்துக்கு நொண்டிக்கொண்டு போனேன். அங்கே இருக்கும் மருத்துவ உதவியாளரை இன்னமும் எல்லாரும் டிரெஸ்ஸர் என்றுதான் கூப்பிடுவார்கள். கணுக்காலை அமுக்கிப் பார்த்தார்.

"ஹை ஹீல்ஸா? எத்தன வருஷமா போடுறீங்க?"

"ரெண்டு மணி நேரமா."

சுளுக்குதான், எலும்புக்கு ஒன்றுமில்லை, தூக்கி வைத்துக்கொண்டு படுங்கள் என்றார். நான் விடவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டேன். ஒரு நாள் போடுவதால் பாதத்தின் வடிவம் மாறிவிடாது. மாற்றுவது பழக்கம்தான் என்று விளக்கினார். வருடக்கணக்கில் தினமும் போட்டால் பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாயலாம், அதன் மூட்டு புடைக்கலாம், சின்ன விரல்கள் கொக்கிபோல் மடங்கலாம். கெண்டைக்காலும் குதிநரம்பும் குறுகிப் பழகிவிட்டால், அப்புறம் தட்டைச் செருப்பு போட்டாலே வலிக்கும். இதுதான் என்னை யோசிக்கவைத்தது. வலி கொடுக்கிற பொருளைக் கழற்றினால் வலிக்கிறது என்கிற நிலைமைக்கு ஒரு உடம்பு எப்படி வந்து சேர்கிறது?

வீட்டுக்கு வந்ததும் எடை பார்க்கும் கருவியைத் தரையில் வைத்தேன். முன்பாதம் கருவிமேல், குதி அதே உயரத்துப் பலகைமேல். ஒரு எண் வந்தது. குதிக்குக் கீழே ஒரு பழைய பாடப்புத்தகம் வைத்தேன். எண் ஏறியது. இன்னொரு புத்தகம். இன்னும் ஏறியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உடம்பு முழுக்க நிறுத்துறது போதாதுன்னு இப்ப விரலுக்குத் தனியா எடை பாக்குறியா?"

"பாரம் முன்னாடி போகுதுப்பா. புத்தகம் கூடக் கூடப் பாரமும் கூடுது."

"அது எனக்குத் தெரியாதா? எறக்கத்துல லோரி முழுக்க முன் டயருலதான் உக்காரும். அதுக்குத்தானே பிரேக்கு." மீண்டும் சோற்றில் கைவைத்தார். "உன் விரலுதான் உனக்குப் பிரேக்கு. தேஞ்சா மாத்த முடியாது."

(நான் இரண்டு வருடம் படித்ததை அவர் ஒரு பிடி சோற்றுக்கும் அடுத்த பிடி சோற்றுக்கும் இடையில் முடித்துவிட்டார்.)

அடுத்த வாரம் தேயிலைப் பெட்டி அட்டைகளை வெட்டி எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். பன்னிரண்டு பெண்களையும் ஒவ்வொருவராக அட்டைமேல் நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். நீளம், அகலம், குதி, புறங்கால் உயரம். கோடு போடும்போது கூச்சம் தாங்காமல் பாக்கியம் அக்கா இரண்டு அட்டையை மிதித்துக் கிழித்தார். அம்மாவின் பாதத்தை அன்றுதான் முதன்முதலில் உற்றுப் பார்த்தேன். ஐந்து விரலும் இஞ்சிக் கிழங்கு மாதிரி தாராளமாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக மண்ணைப் பிடிக்கிற விரல்கள். கோலாலம்பூரில் தினமும் ஹை ஹீல்ஸ் போட்டு வங்கி வேலைக்குப் போகும் என் சித்தி மகளின் பாதமும் நினைவுக்கு வந்தது. என்னைவிட எட்டு வயதுதான் மூத்தவள். பெருவிரல் சாய்ந்து பக்கத்து விரலுக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அவளுக்கு போன் செய்து அவள் பாதத்தையும் கோடு போட்டு அனுப்பச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் என் காலணியை மறந்துவிட்டேன். நடக்க முடிந்த மூன்றாவது நாள் முனியாண்டியிடம் போனேன். காலணி அங்கேயேதான் இருந்தது. ஆனால் சூலத்துக்குப் பக்கத்தில், கல்லுக்கு முன்னால். இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். இரண்டு குதியிலும் எலுமிச்சம்பழம். சாமிக்குச் செருப்புக் காணிக்கை வைப்பது எங்களிடம் உள்ள வழக்கம்தான்; யாரோ பெரிய வேண்டுதல்காரர் பட்டணத்திலிருந்து வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பூசாரி முடிவு செய்திருந்தார்.

"அது என்னோடது, மாமா."

"உன்னோடதா இருந்துச்சு," என்றார் பூசாரி. "இப்ப சாமியோடது."

இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. யாராவது விருந்தாளி வந்தால் அப்பா முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். "எம் பொண்ணு காணிக்கை" என்று ஆரம்பித்து, "போன மாசம் சாமி கனவுல வந்துச்சு. 'ராத்திரி காவல் சுத்த முடியல, கெண்டைக்கால் வலிக்குது, தட்டையா ஒண்ணு வாங்கிக் குடுக்கச் சொல்லு'ன்னுச்சு" என்று முடிப்பார். ஒவ்வொரு முறையும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டே சிரிப்பார்.

புது பூட்ஸ் ஐந்து வெவ்வேறு அளவுகளில் வந்தது. கோமதி மேடம் சொன்னபடியே சொல்லாமல் வந்தார். பத்துப் பேர் பூட்ஸில் இருந்தார்கள், இரண்டு பேர் இல்லை. என் அட்டவணையிலும் அன்று பத்து டிக்தான் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, என் வேலைக் கடிதத்தில் அங்கேயே, ஒரு கொழுந்துக் கூடையின் முதுகில் வைத்துக் கையெழுத்திட்டார்.

பெரட்டில் இப்போது நான் பேசினால் எல்லாரும் கேட்கிறார்கள். உயரம் கூடவில்லை, ஒரு புது ஏற்பாடு வந்துவிட்டது. நான் எந்தப் பாதுகாப்புப் பொருளைக் கொண்டுவந்தாலும், "மொதல்ல நீ போட்டுக் காட்டு" என்று சொல்லி எல்லாரும் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். மழைக்கோட்டு வந்தபோது என்மேல் ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்துச் சோதித்தார்கள். கையுறை வந்தபோது அதைப் போட்டுக்கொண்டு ரொட்டிச் சானாய் பிய்த்துச் சாப்பிடச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் காற்றுத்தடுப்பு மரங்களில் ஏறிக் கிளை வெட்டுகிறவர்களுக்கு, இடுப்பில் கட்டிக்கொண்டு தொங்கும் பாதுகாப்புப் பட்டை வருகிறது. பாக்கியம் அக்கா இன்றைக்கே மரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். தோட்டத்திலேயே உயரமானது அதுதானாம்.